கிளம்ப மறுக்கும் தோட்ட டிராக்டர்

நெய்யாற்றின்கரைக்கு வடகிழக்கே, நெய்யாற்றின் படுகையிலுள்ள ஒற்றசேகரமங்கலம் முதலிய கிராமங்களில் நிலம் பெரும்பாலும் மேடும் பள்ளமுமாக அமைந்தது. மேட்டில் ரப்பரும் தென்னையும், சரிவில் மரச்சீனியும், தாழ்வில் வாழையும் ஒரே குடும்பத்தின் சிறு நிலத்திற்குள்ளேயே காணப்படும். நான்கு சக்கர டிராக்டர் இத்தகைய தட்டுகளில் ஏறித் திரும்ப இயலாது. ஆகவே ஒருவர் பின்னால் நடந்து கைப்பிடியால் செலுத்தும் தோட்ட டிராக்டரே இங்கு ஏற்றதாகும். மக்கள் இதனைப் பவர் டில்லர் அல்லது டில்லர் என்றே வழங்குவர்.

இவ்வியந்திரம் நாட்கணக்கில் ஷெட்டில் கிடந்து, தேவைப்படும் தினத்தன்று கிளம்ப மறுப்பது பலரும் அறிந்த துன்பம். இடவப்பாதி மழைக்கு முன்னும், துலாவர்ஷத்தை ஒட்டியும், மண் உழுவதற்கேற்ற பதத்தில் இருப்பது சில நாட்களே. அந்த நாட்களில் மெக்கானிக்கை அழைப்பவர் ஒருவர் அல்லர்; ஊர் முழுவதும் அழைக்கும். அவர் வருவதற்குள் பதம் தவறிவிட்டால், நடவைத் தள்ளிப்போட வேண்டும். இல்லையேல் மண்வெட்டிக்குக் கூலி கொடுக்க வேண்டும். இவ்வாறு நின்றுபோன எஞ்சின்களில் உண்மையிலேயே உறுப்பு உடைந்தவை சிலவே. ஆகையால், காரணத்தைத் தேடும் முறையைக் களப்பணியாளர் அறிந்திருப்பது விவசாயிக்குப் பெரிதும் உதவும்.

நம் நாட்டில் வழங்கும் டில்லர்கள் ஜப்பானிய அமைப்பைத் தழுவியவை. கேரள அரசின் நிறுவனமான காம்கோ 1973-ஆம் ஆண்டில் அத்தாணியில் தொடங்கப்பட்டு, குபோட்டா அமைப்பிலான டில்லர்களைச் செய்து வருகிறது. இவற்றில் இருப்பது ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். இவை தவிர, களை எடுப்பதற்கும் பாத்தி கிளறுவதற்கும் உரிய சிறு பெட்ரோல் இயந்திரங்களும் அண்மைக் காலத்தில் பரவியுள்ளன. இரண்டின் நோயும் ஒன்றல்ல. ஆயினும் நோயை ஆராயும் முறை ஒன்றே.

எந்த எஞ்சினும் கிளம்புவதற்கு மூன்று வேண்டும்: எரிபொருள், அதனுடன் கலக்கும் காற்று போதிய அளவு அழுத்தப்படுதல், பற்றவைக்கும் வெப்பம். பெட்ரோல் எஞ்சினில் அவ்வெப்பத்தை ஸ்பார்க் பிளக்கின் பொறி அளிக்கிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படும்போது தானே 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறி, உட்பீச்சப்படும் டீசலைப் பற்றச் செய்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துச் சில முறை அழுத்தினால் அதன் அடிப்பாகம் சுடுவதை மாணவர் தொட்டு உணரலாம். டீசல் எஞ்சினின் தத்துவத்தை விளக்க ஆசிரியருக்கு இதனினும் எளிய பரிசோதனை வேறில்லை.

இம்மூன்றில் எது குறைகிறது என்பதை அறியாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பதே பெருந்தவறு. கயிற்றைப் பத்து முறை இழுத்துக் கிளம்பவில்லை என்றவுடன் கார்புரேட்டரைக் கழற்றித் தரையில் பரப்பிவிடுவோர் பலர். காணாமற்போன சிறு வாஷர் ஒன்றினால், முன்பு இல்லாத பழுது அப்பொழுது உண்டாகிறது.

முதலில் எதனையும் கழற்றாமல் பார்க்க வேண்டியவை சில உள. நிறுத்தும் சுவிட்ச் ‘ஓடும்’ நிலையில் உள்ளதா, டாங்கில் எரிபொருள் உள்ளதா, அதன் காக் திறந்துள்ளதா, டீசல் எஞ்சினாயின் வேகக் கட்டுப்பாட்டு லீவர் நிறுத்தும் இடத்திலேயே நின்றுவிட்டதா என்பனவற்றைப் பார்த்தல் வேண்டும். இவற்றைக் கேட்பது விவசாயியை அவமதிப்பதாகுமோ எனத் தயங்க வேண்டியதில்லை. அனுபவம் மிக்க மெக்கானிக்கும் இங்கிருந்தே தொடங்குவார்.

இனி, பெட்ரோல் எஞ்சினை நோக்குவோம். கயிற்றை ஐந்தாறு முறை இழுத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால், பாதி விடை கிடைத்துவிடும். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. ஈரமாயிருந்தால் பெட்ரோல் வருகிறது; பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி நிரம்பிவிட்டது.

உலர்ந்த பிளக்கிற்குக் காரணம் பெரும்பாலும் பழைய பெட்ரோலே. மாதக்கணக்கில் நின்ற இயந்திரத்தின் கார்புரேட்டர்க் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போன்ற படிவு எஞ்சும். மயிரிழை போன்ற ஜெட் துளையை அடைக்க அது போதும். இக்காலத்தில் மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. இரு பருவமழைகளும் பெய்யும் இப்பகுதியில், மூடி தளர்ந்த டாங்கிலும் கேனிலும் ஈரம் சேரும். நீர் ஓரளவுக்கு மேற்பட்டால் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினோ அடியிலிருந்துதான் எரிபொருளைப் பெறுகிறது. கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிதளவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தால் இரு அடுக்குகளும் கண்ணுக்குத் தெரியும். அவ்வாறாயின் டாங்க் முழுவதையும் வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றுவதன்றி வேறு வழியில்லை. பழையதன் மேல் புதியதை ஊற்றுவது வீண்.

பிளக் ஈரமாயிருந்தால், அதனைத் துடைத்து, மூடியுடன் இணைத்து, அதன் உலோகப் பகுதி எஞ்சினின் உலோகத்தைத் தொடுமாறு வைத்துக் கயிற்றை இழுத்தல் வேண்டும். நீலநிறப் பொறி தெளிவாகப் பாய்ந்தால் நன்று. இச்சோதனையைப் பிளக் துளைக்கு அருகில் செய்யலாகாது. அங்கிருந்து வெளிவரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி இல்லையெனில் முதலில் புதுப் பிளக் ஒன்றை மாட்டிப் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த காயிலைக் குறைகூறுவது அதற்குப் பின்னரே.

சரிவு நிலத்திற்கே உரிய ஒரு காரணத்தை இங்குக் குறிப்பிடுதல் தகும். சிறு பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில், எஞ்சின் ஆயில் குறைந்தால் பொறியைத் தானே நிறுத்திவிடும் அமைப்பு உள்ளது. ஆயில் சற்றே குறைந்த இயந்திரம் தட்டின் ஓரத்தில் சாய்ந்து நின்றால், ஆயில் ஒருபுறம் ஒதுங்கி இவ்வமைப்பு பொறியைத் தடுக்கும். வீட்டு முற்றத்தில் ஓடியது தோட்டத்தில் கிளம்பாததன் இரகசியம் பல சமயங்களில் இதுவே. இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி ஆயிலை அளந்து, குறையை நிரப்பினால் போதும்.

டீசல் எஞ்சினில் பிளக்கிற்குப் பதிலாகச் சைலன்சரைக் கவனிக்க வேண்டும். கைப்பிடியைச் சுழற்றும்போது வெண்புகை வந்தால் டீசல் உட்செல்கிறது, ஆனால் பற்றவில்லை. அழுத்தமோ வெப்பமோ போதவில்லை. புகையே இல்லையெனில் டீசல் செல்லவில்லை. இரண்டாவதே அதிகம் நிகழ்வது. டாங்க் ஒருமுறை முற்றிலும் வற்றிவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். டீசல் ஏறத்தாழ அழுங்காத திரவம், காற்றோ அழுங்கும். ஆகவே பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் காற்றுக்குமிழி சுருங்கி விரியுமேயன்றி, இன்ஜெக்டர் திறவாது. டாங்கை நிரப்பியபின் எவ்வளவு சுழற்றியும் கிளம்பவில்லை என்று விவசாயி மயங்குவது இதனாலேயே.

காற்றை வெளியேற்றுவது கடினமன்று. வரிசை தவறாமல் செய்தால் போதும். முதலில் ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் குமிழியின்றி டீசல் வழியும் வரை காத்திருந்து இறுக்க வேண்டும். பின்னர்ப் பம்பின் திருகை அவ்வாறே செய்ய வேண்டும். கடைசியாக இன்ஜெக்டரில் சேரும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, லீவரை ஓடும் நிலையில் வைத்து, டீசல் கசியும் வரை எஞ்சினை மெதுவாகச் சுழற்றி நட்டை இறுக்க வேண்டும். அதன்பின் சுழற்றும்போது இன்ஜெக்டரிலிருந்து ‘கிர்க்’ என்ற ஓசை எழும். கிராங்க் தண்டின் இரு சுற்றுக்கு ஒருமுறை அது கேட்டால் டீசல் சேர்ந்துவிட்டது என உறுதியாகக் கொள்ளலாம்.

இன்ஜெக்டரைக் கழற்றிப் பீச்சலைக் கண்ணால் பார்க்க முற்படுவோர் உண்டு. இது மிகுந்த அபாயம். காற்றழுத்தத்தினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்துடன் வரும் அப்பீச்சல் தோலைத் துளைத்து உட்சென்றுவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளி மட்டுமே தெரியும். உள்ளே தசை அழுகத் தொடங்கும். அவ்வாறு நேர்ந்தால், வலி இல்லையெனினும், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

கைப்பிடியைப் பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. கட்டைவிரலை மற்ற விரல்கள் உள்ள பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி விரல்களைத் திறந்துகொண்டு நழுவும். கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு முறியும்.

எரிபொருளும் வெப்பமும் சரியாயிருந்தும் கிளம்பாத எஞ்சினில் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைத் தொடாமல் மெதுவாகச் சுழற்றினால், நல்ல எஞ்சின் ஓரிடத்தில் வில்லைப் போல் எதிர்த்துத் தள்ளும். தடையின்றிச் சுழன்றால் வால்வோ பிஸ்டன் ரிங்குகளோ தேய்ந்துள்ளன. பெட்ரோல் எஞ்சினில் பிளக் துளை வழியே ஒரு கரண்டி ஆயில் விட்டுச் சுழற்றும்போது எதிர்ப்புக் கூடினால் குறை ரிங்கிலும், கூடாவிடில் பெரும்பாலும் வால்விலும் உளது. இவ்விடத்தில் களப்பணியாளரின் வேலை முடிந்து பட்டறையின் வேலை தொடங்குகிறது.

காற்று நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் பற்றி ஒரு சொல். ஷெட்டில் நின்ற இயந்திரத்தின் சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டிவிடுவது இப்பகுதியில் புதிதன்று. மேற்கூறிய சோதனைகளையெல்லாம் முடித்த பின்பு அதனைக் காண்பதைவிட, தொடங்குமுன் ஒரு குச்சியால் வாயைத் துழாவிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். மழைக்காலத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைக்கும்போது சைலன்சர் வாயைத் துணியால் கட்டி, துணியின் நுனி கண்ணில் படுமாறு தொங்கவிடுதல் நலம்.