வேகம் மட்டுமே வலிமையா?

1976 செப்டம்பர் 6. சோவியத் விமானி விக்டர் பெலென்கோ, மிக்-25 போர் விமானத்தை ஜப்பானின் ஹகோதாதேயில் கொண்டுவந்து இறக்கினார். ஒலியைப்போல் 2.8 மடங்கு வேகத்தில் பறக்கவல்ல இவ்விமானத்தைக் கண்டு அமெரிக்கா அஞ்சியிருந்தது. பிரித்துப் பார்த்தால், உடற்பகுதி பெரும்பாலும் எஃகு! அவ்வேகத்தில் எழும் வெப்பத்தில் அலுமினியம் வலுவிழக்கும், எஃகு தாங்கும். ஆனால் எடை கூடிவிடும்.

கணக்கிட்டுப் பாருங்கள். மிக்-25இன் உந்துவிசை சுமார் 22 டன், புறப்படும்போது எடை 36 டன், விகிதம் 0.6. அமெரிக்காவின் எஃப்-15க்கு உந்துவிசை சுமார் 21 டன், எடை 19 டன்தான், விகிதம் 1.1. விகிதம் ஒன்றைத் தாண்டினால் செங்குத்தாகவே மேலேறலாம்.

நேராக விரட்டிச் செல்ல மிக்-25. வளைந்து திரும்பிப் போரிட எஃப்-15. மாணவர்களே, எது சிறந்தது என்று கேட்குமுன், எந்த வேலைக்கு என்று கேளுங்கள்!