பெங்களூர் வெயிலில் விறகு பிளக்கிறவர்களுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

ஆனேக்கல், ஹொசகோட்டே, கனகபுரா பக்கத்து வீடுகளில் குளியலறையை ஒட்டி இன்னும் வெந்நீர் அடுப்பு எரிகிறது. பெங்களூருக்கு உள்ளேயும் பிரியாணிக்கடை, மிலிட்டரி ஹோட்டல், கல்யாணச் சமையல் என்று விறகு இல்லாமல் நடக்காத வேலைகள் உண்டு. அந்த விறகைப் பிளக்க வேண்டிய காலம் கோடைதான். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஏப்ரல், மே வெயிலில் பிளந்து அடுக்கினால் ஜூன் மழைக்குள் ஓரளவு வற்றிவிடும். மழை பிடித்த பிறகு பிளந்தால் மார்கழிக் குளிரில் அடுப்பு புகையும், தண்ணீர் சுடாது. அதனால் வருஷத்திலேயே கடுமையான வெயிலில்தான் இந்த வேலை வந்து விழுகிறது.

"பெங்களூரில் என்ன பெரிய வெயில்?" என்று வேலூர், திருச்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். அந்த நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. 2016 ஏப்ரல் 24 அன்று நகரில் 39.2 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி, அந்த ஏப்ரல் மாதம் முழுக்க நகரில் மழையே இல்லை. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வானிலைத் துறை வெப்ப அலை பற்றி யோசிக்கும். அதனால் இங்கே எச்சரிக்கை வருவது அபூர்வம். ஆனால் கோடாலி வீசுகிறவரின் தசைகளே உடம்புக்குள் சூட்டைக் கிளப்பிக்கொண்டிருக்கும்; அவருக்கு 35 டிகிரியே அதிகம். போதாக்குறைக்கு, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிற இந்த ஊரின் கோடைக் காற்று வறண்டது. சென்னையில் வேர்வை வழிந்து சட்டை நனையும். இங்கே வந்த வேகத்தில் காய்ந்துவிடும். நனையாத சட்டையைப் பார்த்து நமக்கு வேர்க்கவில்லை என்று நம்பிவிடுகிறோம். உடம்பு சொல்லட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யுங்கள். கீழே வரும் குறிப்புகளில் பலவும் அதை ஒட்டியவைதான்.

1. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே ஆறு மணி வாக்கில் சூரியன் உதித்துவிடும். வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்து ஒன்பதுக்குள் கோடாலியைக் கீழே வையுங்கள். மீதி இருந்தால் நாளைக்கு. கலபுரகி வட்டாரத்திலும் பெளகாவி வட்டாரத்தின் சில மாவட்டங்களிலும் கோடையில் அரசு அலுவலகங்களே காலை 8 முதல் 1.30 வரை என்று நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கே அப்படியென்றால் வெட்டவெளி வேலைக்குச் சொல்ல வேண்டாம். சூடு உச்சத்துக்கு ஏறுவது நண்பகலில் அல்ல, இரண்டரை மூன்று மணிக்கு. சாப்பிட்டுவிட்டு உடனே இறங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2. முதல் நாளே முழு வேலையும் வேண்டாம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பில் வேர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பும் குறைவாகப் போகும். முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, அடுத்த நாள் ஐந்தில் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போவது தொழிலாளர் நலத்தில் பின்பற்றும் கணக்கு. வாரமெல்லாம் குளிர்சாதன அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு லோடு விறகையும் முடித்துவிடப் பார்க்கிற பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

3. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். செல்போனில் இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு, அடித்ததும் ஒரு டம்ளர் குடியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம்; வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். சட்டையின் முதுகில், தொப்பியின் ஓரத்தில் வெள்ளையாகக் கோடு படிந்திருந்தால் அது நீங்கள் இழந்த உப்பு. சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் கவலையில்லை. அடர் மஞ்சளாகப் போனால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

4. குடிக்க எது நல்லது என்பதில் நம் சமையலறையை மிஞ்ச ஆளில்லை. உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட நீர்மோர் முதலிடம். கர்நாடகத்து உழவர்கள் குடிக்கும் ராகி அம்பலி அதற்குச் சமம்: இரண்டு கரண்டி ராகி மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் ஊற்றிக் கிளறி, பச்சை வாசனை போனதும் இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகு மோர், உப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் சேருங்கள். முந்தின இரவே செய்து மண்சட்டியில் வைத்துவிட்டால் காலையில் வெறும் வயிற்றோடு கோடாலி எடுக்க வேண்டியதில்லை. குடித்தால் வயிறும் நிறையும், தெம்பும் நிற்கும். ராமநவமிக்குப் பெங்களூர்த் தெருக்களில் பானகமும் மோரும் கோசம்பரியும் கொடுப்பதற்குப் பின்னால் கோடையை அறிந்த அனுபவம் இருக்கிறது. பானகத்தில் வெல்லத்தோடு ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள்.

5. தலை கிறுகிறுக்கிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணளவில் உப்பைக் கூட்டிவிடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் இந்த வேலையைத் தொடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

6. நிழலுக்குத் தார்பாய் கட்டாதீர்கள். அது அனலைக் கீழேயே பிடித்துவைக்கும். நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல்வலை காற்றை விடும். கோடாலி ஓங்கினால் தட்டாத உயரத்தில் கட்டுங்கள். சிமென்ட் தரையும் மொட்டை மாடியும் கீழிருந்து அனல் அடிக்கும், மண் தரை நல்லது.

7. கோடாலி, ஆப்பு, சம்மட்டி எல்லாம் நிழலில் இருக்கட்டும். வெயிலில் கிடந்த இரும்பு கையைச் சுடும்.

8. வெளிர் நிறத்தில் தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள். வெறும் உடம்போடு செய்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று தோன்றும்; கோடைப் பகலில் இங்கே புற ஊதாக் கதிர் மிகக் கடுமை, தோல் கன்றிவிடும். நனைத்துப் பிழிந்த துண்டை முண்டாசாகக் கட்டினால் இந்த வறண்ட காற்றில் தலைக்கு நல்ல குளிர்ச்சி. காலுக்கு ஹவாய் செருப்பு கூடவே கூடாது, மூடிய ஷூதான். கண்ணுக்கு வெல்டிங் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி போதும்.

9. கோடை வறட்சியில் கோடாலிப் பிடியின் மரம் சுருங்கி, தலை ஆட்டம் கொடுக்கும். ஓங்கும்போது கழன்று பறந்தால் எதிரில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. தினமும் ஆரம்பிக்கும் முன் ஆட்டிப் பாருங்கள். ராத்திரி தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் ஊரெங்கும் உண்டு. ஊறினால் இறுகும், மறுநாள் வெயிலில் காய்ந்து முன்னைவிட அதிகமாகச் சுருங்கும். பிடியின் தலைப்பக்கம் புதிதாக ஒரு ஆப்பு இறக்குங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆளி விதை எண்ணெயைப் பிடிக்கு ஊறத் தடவுங்கள், அதுதான் நிலைக்கும். உள்ளங்கை வேர்த்து வழுக்கினால் காய்ந்த துணியில் துடைத்துக்கொண்டு ஓங்குங்கள்.

10. எந்த மரம் என்று பார்த்து அலுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். கோலார், பெங்களூர் புறநகர்ப் பக்கம் அதிகமாகக் கிடைப்பது தைலமரம். அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடும்; காய்ந்துவிட்டால் கோடாலியைக் கவ்விப் பிடிக்கும். வெட்டிய சில நாளுக்குள், ஈரமாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். சவுக்கு கெட்டி மரம். ஆனால் எரிந்தால் அனல் நின்று பேசும், பட்ட பாடு வீண் போகாது. சில்வர் ஓக் சுலபமாகப் பிளக்கும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் நார் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். அதைக் கோடாலியால் பிளக்க நினைத்து வெயிலில் உயிரை விடாதீர்கள், ரம்பத்தால் சிறு துண்டாக அறுத்துவிடுவது மேல். மயில்கொன்றை மென்மையானது, புகை அதிகம், அனல் குறைவு. அதற்காக மெனக்கெட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அரளிக் குச்சியை எந்த அடுப்பிலும் போடாதீர்கள். அதன் புகையும் நஞ்சு.

11. பழைய ஸ்கூட்டர் டயர் அல்லது கார் டயர் ஒன்றை அடிக்கட்டையின் மேல் ஆணியடித்து வைத்து, அதற்குள் கட்டைத் துண்டை நிறுத்திப் பிளந்து பாருங்கள். பிளந்த சில்லுகள் நாலாபக்கமும் சிதறாமல் டயருக்குள்ளேயே நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பொறுக்கி, திரும்ப நிறுத்தி, நிமிர்வதில் போகும் மூச்சு மிச்சம். தலைசுற்றல் பாதி இந்தக் குனிந்து நிமிர்வதில்தான் வருகிறது. கட்டையின் முகத்தில் ஏற்கனவே ஓடியிருக்கும் வெடிப்பைப் பார்த்து அதன் மேலேயே போடுங்கள். பெருத்த கட்டையை நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து பலகை பலகையாக உரித்துக்கொண்டு வாருங்கள். கணு விழுந்த கட்டைகளைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அவை கல்யாண அடுப்புக்கு முழுசாகவே ஆகும். மழுங்கிய ரம்பத்தால் அறுத்தால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு வேர்வை போகும். முந்தின நாள் மாலையே அரம் போட்டு வையுங்கள்.

12. செங்கல் வரிசையின் மேல், தரை தொடாமல், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள்; இல்லாவிட்டால் கரையான் வரும். மழைக்கு மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களில் காற்று ஓடட்டும். கோடையில் பாம்பும் தேளும் குளுமை தேடி அடுக்கின் அடியில் தங்கும். கையை விடும் முன் நீளக் கம்பால் தட்டி, கட்டையைப் புரட்டிப் பாருங்கள்.

13. ஏப்ரல், மே மாலைகளில் திடீரென்று மேகம் கூடி இடி மழை வரும். முதல் இடிச் சத்தத்திலேயே வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்து வெளியே வந்தால் போதும். 2024 ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் பெய்து ஊர் முழுக்க நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்படிச் சாய்ந்த மரத்தைப் பார்த்ததும் கோடாலியோடு ஓடாதீர்கள். மேலே முறிந்து தொங்கும் கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாது, மின்கம்பியும் சிக்கியிருக்கலாம். சாலை மரம் மாநகராட்சிக்குச் சொந்தம். நம் வீட்டுத் தோட்டத்து மரங்களில் பெரும்பாலானவற்றை வெட்டவும் 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும்.

14. தனியாக இந்த வேலையில் இறங்காதீர்கள். வெயில் தாக்கியவருக்குத் தன் நிலை தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேச்சு குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா, நடை தள்ளாடுகிறதா, உடம்பு கொதிக்கிறதா என்று பாருங்கள். இவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, தலையிலிருந்து கால் வரை குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் வையுங்கள். "வேர்வையோடு தண்ணீர் ஊற்றாதே" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். மயங்கி விழுந்தவர் விஷயத்தில் அதைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் புகட்ட வேண்டாம். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

15. ஆள் வைத்துப் பிளக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டன் கணக்கில் கூலி பேசினால், தண்ணீர் குடிக்க நிற்கும் நேரம்கூட அவருக்கு நஷ்டம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருப்பார். நாள் கூலியாகப் பேசுங்கள். காலை ஆறுக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிட்டாலும் முழுக் கூலியைக் கொடுங்கள். நிழலில் உட்கார ஓர் இடமும், ஒரு குடம் தண்ணீரும், ஒரு சொம்பு மோரும் அவர் வருவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். "இன்னும் கொஞ்சம்தானே, முடித்துவிட்டுப் போங்கள்" என்று பத்து மணி வெயிலில் யாரையும் நிறுத்தாதீர்கள்.