கூண்டு காலியாக வேண்டுமென்றால்

திருக்குறளில் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. சமய வகுப்பில் படித்தபோது, எதையும் கொல்லாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். கிள்ளான் பக்கம், இடமில்லை என்பதற்காக எந்தப் பிராணியையும் கொல்லாத ஒரு காப்பகத்துக்கு ஞாயிறுதோறும் தொண்டு செய்யப் போன பிறகுதான் மீதிப் பாடம் புரிந்தது.

கூண்டு கழுவுவது என் வேலை. ஒருநாள் ஒருவர் பெட்டியில் ஐந்து நாய்க்குட்டிகளோடு வந்தார். பொறுப்பாளர் அக்கா, "இடமில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, இதுகள ரோட்டுலயா விடச் சொல்றீங்க?"

"தம்பி, இங்க எதையும் கொல்றதில்ல. அப்போ ஒரு நாய்க்கு வீடு கிடைச்சாதான் ஒரு கூண்டு காலியாகும். நெருக்கி அடைச்சா பார்வோ பரவும். தடுப்பூசி போடாத குட்டிங்க வரிசையா போயிடும்."

பிறகு வந்தவரிடம் கேட்டார்: "தாய் நாய் எங்க?"

அவர் விழித்தார். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள்தான். தாய்க்குக் கருத்தடை செய்யாவிட்டால் அடுத்த பெட்டி வரும்.

குட்டிகளை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா முறைத்தார், பிறகு பழைய துணி விரித்தார். மறுநாள் தாயைப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோனோம். நான்கு குட்டிகளுக்கு வீடு தேட இரண்டு மாதமானது. ஐந்தாவது எங்கள் வாசலில் படுத்திருக்கிறது, லைசென்ஸோடு.

நண்பர்களே, கொல்லாமைக்கு நிறைய வேலை இருக்கிறது. இந்த ஞாயிறு இரண்டு மணி நேரம் கொடுங்கள். நாய் என்றால் பயமா? துணி துவைக்கவும் ஆள் வேண்டும்.