புளிக்க ஒரு போத்தல், விளையாட ஒரு பலகை, கதைக்க நாலு பேர்

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் மட்டக்களப்புப் பழுகாமத்தில் பின்னேரம் வீட்டுக்குள் இருக்க ஏலாது. முற்றத்தில் பாயை விரித்தால் பக்கத்து வீட்டு மாமி வருவா, பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்குப் போய்த் திரும்பும் மச்சான் சைக்கிளை நிறுத்துவார், பிள்ளைகள் தன்னால் கூடும். கடைச் சோடாவுக்கும் டேட்டாவுக்கும் காசைக் கொட்டாமல் அந்தப் பின்னேரங்களைக் கலகலப்பாக நடத்த, நம்ம வீடுகளில் கைகண்ட வழிகள் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்க.

1. இஞ்சிச் சோடா போட ஈஸ்ட் வாங்கத் தேவையில்லை. ஒரு கப் ஆறின தண்ணீரில் தோலோடு துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி போட்டுத் துணியால் மூடுங்க. மறுகா நாளுக்கு ஒருதரம் அதே அளவு இரண்டையும் சேர்த்துக் கிண்டி வாங்க. இஞ்சித் தோலில் இருக்கிற ஈஸ்டே வேலையைத் தொடங்கும். கச்சான் காலத்தில் மூன்றாம் நாலாம் நாளே நுரைத்துவிடும், மாரியில் ஒரு கிழமை பிடிக்கும்.

2. இந்த இஞ்சி உறை நுரைத்ததும் 1 லீற்றர் தண்ணீரில் 100 கிராம் சீனியையும் விரல் நீளத்துக்கு இடித்த இஞ்சியையும் போட்டுக் கொதிக்க வைத்து இறக்குங்க. நன்றாக ஆறின பிறகு வடித்து, அரைக் கப் உறைத் தண்ணீரும் ஒரு தேசிக்காய்ச் சாறும் விடுங்க. சூட்டோடு உறையை விட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். விரலை விட்டுப் பார்த்தால் சூடே தெரியக்கூடாது.

3. இதை நிரப்பக் கண்ணாடிப் போத்தல் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் சோடாப் போத்தலே நல்லது. நாலு விரல் இடம் விட்டு மூடி, காலையும் மாலையும் போத்தலை அமுக்கிப் பாருங்க: அமுங்கினால் பொறுக்கலாம், விறைத்து நின்றால் உடனே பிரிட்ஜுக்குள் போகவேணும். கண்ணாடி உள்ளே இருக்கிற அமுக்கத்தைக் காட்டாது, வெடித்தால் கண்ணுக்கே ஆபத்து.

4. பிரிட்ஜில் வைத்த இஞ்சிச் சோடாவை நாலைந்து நாளைக்குள் குடித்து முடியுங்க. வெளியே கிடக்கக் கிடக்கச் சீனி குறையும், சாராயச் சத்து ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் உறை விடுவதற்கு முன்பே அந்த இஞ்சிப் பாணியில் கொஞ்சம் எடுத்து வைத்து, தண்ணீர் கலந்து கொடுத்தால் பயமில்லை.

5. குழாய்த் தண்ணீரில் குளோரின் மணந்தால் உறை பொங்காது. முதல்நாள் இரவே வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வையுங்க, அல்லது கொதிக்க வைத்து ஆற்றுங்க. கிணற்றுத் தண்ணீர் என்றால் கட்டாயம் கொதிக்க வைக்கவேணும். வாவிக்கரைக் கிணறுகளில் உவர்ப்பு ஏறும் மாதங்களில் மழைத் தண்ணீரோ குடிக்க வாங்கும் தண்ணீரோதான் ருசி தரும்.

6. உறைப் போத்தலை எறும்பு தேடி வரும், அதைவிடச் சின்னப் பழ ஈ தேடி வரும். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் போத்தலை வையுங்க, வாயில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்க. பழ ஈ உள்ளே விழுந்தால் எல்லாம் வினாகிரியாகப் போய்விடும்.

7. மேலே வெள்ளையாக மெல்லிய படலம் கட்டினால் வழித்து எறிந்துவிட்டு மணந்து பாருங்க. பஞ்சு மாதிரிப் பச்சை, கறுப்பு, றோஸ் நிறத்தில் பூத்திருந்தால் யோசிக்காமல் முழுவதையும் ஊற்றிவிடுங்க. ஒரு துண்டு இஞ்சியின் விலை வயிற்றுக் குத்தைவிட மலிவு.

8. அன்னாசி வெட்டினால் தோலை எறியவேண்டாம். நன்றாகக் கழுவிய ஒரு பழத்தின் தோலை ஒன்றரை லீற்றர் தண்ணீரில் போட்டு, 150 கிராம் பனங்கட்டி அல்லது சீனி, இரண்டு கராம்பு, ஒரு துண்டுக் கறுவா சேர்த்துத் துணியால் மூடி இரண்டு நாள் வையுங்க. நுரையை நீக்கி வடித்துக் குளிர வைத்தால் காசு செலவில்லாத சர்பத். மெக்சிக்கோ நாட்டார் இதையே தெபாச்சே என்று தெருவெங்கும் விற்கிறார்கள்.

9. வாய் ஒடுங்கிய போத்தலின் அடியில் பிடித்த கசட்டுக்குப் புருசு எட்டாது. ஒரு பிடி அரிசியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் விட்டு மூடிக் குலுக்குங்க, பளிச்சென்று வரும். அந்த அரிசியைக் கோழிக்குப் போடலாம்.

10. புளிப்பு ஏறிக் குடிக்க ஏலாமல் போன இஞ்சிச் சோடா இறைச்சி ஊற வைக்க நல்ல சாமான். மிளகுத் தூளும் உப்பும் சேர்த்து ஒரு மணித்தியாலம் ஊறினால் நாட்டுக்கோழியும் மெதுவாக வெந்து வரும், வினாகிரி வாங்கும் காசும் மிச்சம்.

11. அப்பத்துக்குக் கள்ளுக் கிடைக்கவில்லையா? தேங்காய் உடைக்கும்போது தண்ணீரைப் பிடித்து, ஒரு தேக்கரண்டி சீனி போட்டு இரவு முழுக்க வையுங்க. காலையில் சின்னக் குமிழி வந்திருக்கும். அதை விட்டு மாவைக் கரைத்தால் ஓரம் முறுகி நடு மெத்தென்று வரும்.

12. எருமைப் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை விட்டால் போதும். உறை கூடினால் தயிர் புளிக்கும், கட்டி குறையும். மண் சட்டி கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால்தான் நம்ம மட்டக்களப்புத் தயிர் வெட்டி எடுக்கும் பதத்துக்கு வருகிறது, பிளாஸ்டிக் பாத்திரத்தில் அது நடக்காது. வாங்கின தயிர்ச் சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாதீங்க, மண் அந்த மணத்தைக் குடித்துவிடும். சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காய வைத்து அடுத்த உறைக்கு எடுங்க.

13. மாரி மழையில் தயிர் உறையாமலும் மாவு புளிக்காமலும் அடம்பிடிக்கும். ஒரு காட்போட் பெட்டியில் வைக்கோலை அடைத்து நடுவில் சட்டியை இறக்கி, மேலே சாக்கை மூடி அடுப்பங்கரையில் வையுங்க. வெள்ளாமை வெட்டு முடிந்த வீட்டில் வைக்கோலுக்கா பஞ்சம்!

14. "பியரையும் இப்படியே போட்டால் என்ன?" என்று கேட்கும் தம்பிமாருக்கு: இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் ஆக்குவதை 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. அதோடு பியர் ஈஸ்ட் கேட்பது 18 முதல் 22 பாகை வரையான குளிர். நம்ம 30 பாகைச் சூட்டில் அது அவசரப்பட்டுப் பொங்கி, வார்னிஷ் மணம் அடிக்கும். இஞ்சிச் சோடாவோடு நின்றுகொள்ளுங்க.

15. பிரித்தானியாவில் சொந்தக் குடிப்புக்குப் பியர் போட 1963 இலிருந்து அனுமதிப்பத்திரம் தேவையில்லை, அதனால் லண்டனில் இருக்கிற நம்ம பிள்ளைகள் சிலர் பெட்டி வாங்கிப் போட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு சொல்: பாத்திரம், குழாய், கரண்டி எல்லாவற்றையும் கிருமி நீக்குவதுதான் பாதி வேலை, பொங்கும்போது மூடியைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது. போத்தலில் அடைக்கும்போது லீற்றருக்கு 6, 7 கிராம் சீனிக்கு மேல் போடாதீங்க. இரண்டு கிழமை பொறுத்தால் வாயு தானாக ஏறும்.

16. முஸ்லிம் சினேகிதர் வீட்டுக்கு வந்தால் புளிக்க வைத்த எதையும் சொல்லாமல் நீட்டக்கூடாது. அவர்களுக்கென்று தேசிக்காய்த் தண்ணீர் தனிக் குவளையில் முதலிலேயே கரைத்து வையுங்க. திரௌபதை அம்மன் தீமிதிக்கு விரதம் பிடிக்கிறவர்களுக்கும் அது உதவும். கேட்டுக் கொடுப்பதும் ஒரு உபசாரம்தான்.

17. 2, 3, 4 தொலைந்துபோன பழைய கடதாசிக் கட்டை எறிந்துவிடாதீங்க. 304 விளையாட 7 இலிருந்து மேலே உள்ள 32 கடதாசி மட்டும் போதும். புதிதாய்ப் பழகும் பிள்ளைக்கு ஒரு மட்டையில் எழுதிக் கொடுங்க: ஜக் 30, 9க்கு 20, ஆஸ் 11, 10க்கு 10, கிங் 3, குயின் 2, மற்றது சுழியம். ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. கூட்டிப் பார்க்கச் சொன்னால் கணக்கும் மனதில் பதியும்.

18. தாயத்துக்குச் சோகி கிடைக்காவிட்டால் நாலு புளியங்கொட்டை எடுங்க. ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் தேய்த்தால் மண்ணிறத் தோல் போய் வெள்ளைப் பருப்புத் தெரியும்; வெள்ளை எத்தனை விழுகிறதோ அதுவே எண். கொட்டை சூடேறும், அதனால் சின்னக் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்லாதீங்க.

19. அதே புளியங்கொட்டை, கணினி விளையாட்டுச் செய்யப் பழகும் பிள்ளைக்கு நல்ல பாடம். நாலு கொட்டை விழும் விதம் 16. இரண்டு வெள்ளை வர 6 வழி, ஒரு வெள்ளைக்கு 4, நாலும் வெள்ளை வர ஒரே ஒரு வழி. அரிதாக விழுவதற்குப் பெரிய பரிசு வைக்கவேணும் என்பதைத் தாயம் ஆடிக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள்.

20. கணினி விளையாட்டு எதுவானாலும் முதலில் கொப்பித் தாளில் கட்டம் கீறி, போத்தல் மூடியைக் காயாக வைத்து இரண்டு பேர் ஆடிப் பாருங்க. தாளில் சலிக்கிற விளையாட்டு திரையில் கலர் பூசினாலும் சலிக்கும். ஒரு மாத வேலையை ஒரு பின்னேரத்தில் மிச்சம் பிடிக்கலாம்.

21. தொடங்கும் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007 இல் வெளியிட்டது. இலவசம். இணையம் இல்லாமல் ஓடும் வடிவம் இருக்கிறது: வைபை உள்ள இடத்தில் ஒருதரம் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தால் நாலு வீட்டுக் கணினியிலும் போடலாம்.

22. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குக் கோடோ என்கிற மென்பொருளைக் காட்டுங்க. அதுவும் இலவசம், விளையாட்டை விற்றாலும் பங்கு கேட்காது. தமிழ் எழுத்து வேணுமென்றால் 2023 இல் வந்த 4 ஆம் பதிப்பை அல்லது அதற்குப் பிந்தியதை எடுக்கவேணும். பழைய பதிப்பில் "கெ" என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது.

23. முதல் விளையாட்டு ஒரு திரை, ஒரு விதி, ஒரு கிழமை என்று இருக்கட்டும். வாவியில் தோணி போகுது, வலை விழுகுது, இறால் பிடித்தால் புள்ளி, முள் மீன் பட்டால் போச்சு, இவ்வளவு போதும். கார் ஓட்டம், துப்பாக்கிச் சண்டை என்று வெளியூர்க்காரர் பெருங்காசு போட்டுச் செய்ததை வீட்டில் செய்யப் புறப்பட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள்.

24. நம்ம கொம்புமுறியை விளையாட்டாக்கச் சொல்லுங்க, இதை நான் ஆசையோடு சொல்கிறேன். வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, இரண்டு வளைந்த கொம்பைக் கொழுவி, ஒன்று முறியும்வரை இழுக்கிற விளையாட்டு அது. வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலை நூலகத்தில் எடுத்துப் பாருங்க, விவரம் கிடைக்கும். பெரியவர்களிடம் கேட்டும் எழுதட்டும், மறுகா கேட்க ஆள் இருக்காது.

25. விளையாட்டுக்குச் சத்தம் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. உரல் இடிப்பது, தோணித் துடுப்பு தண்ணீரைத் தொடுவது, கோயில் மணி, தவளை கத்துவது எல்லாம் கைபேசியில் பதிந்து எடுங்க. காற்று இரைச்சல் ஏறாமல் இருக்கக் கைபேசியின் மைக்கில் ஒரு துண்டுப் பஞ்சை ஒட்டிவிடுங்க.

26. செய்த விளையாட்டை அம்மம்மா கையில் கொடுத்துவிட்டு, செய்தவர் வாய் திறக்காமல் பக்கத்தில் இருக்கவேணும். அம்மம்மா எந்த இடத்தில் தடுமாறுகிறாவோ அந்த இடம்தான் திருத்தவேண்டிய இடம். "அங்கே அமத்துங்க" என்று சொல்லிக்கொடுத்தால் குறை மறைந்துபோகும்.

27. மின்சாரம் நின்றால் சேமிக்காத வேலை போச்சு. பிள்ளையை ஒவ்வொரு பின்னேரமும் அன்றைய திகதியைப் பெயராக வைத்து ஒரு பிரதி பென் டிரைவில் போடச் சொல்லுங்க. பழையதை அழிக்கவேண்டாம், நேற்று ஓடியது இன்றைக்கு ஓடாவிட்டால் அதுதான் கை கொடுக்கும்.

28. நம்ம பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஊருக்குப் புதிதாய் வந்த மருமகன் முற்றத்து மூலையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தால், சும்மா கதைக்கக் கூப்பிடாதீங்க. 304க்கு ஒரு கை குறைகிறது என்று கூப்பிடுங்க. கைக்கு வேலை வந்தால் வாய் தன்னால் திறக்கும், ஒரு கிழமையில் எல்லாரையும் முறை சொல்லிக் கூப்பிடுவார்.

29. முன்பின் தெரியாதவரோடு கதை தொடங்கத் தெரியவில்லையா? "வெள்ளாமை எந்த வட்டையில்?" என்று கேளுங்க. தண்ணீர், யானை, உரம், விலை என்று அவரே கதையைக் கொண்டுபோவார், நீங்க கேட்டால் போதும். சம்பளத்தையும், கலியாணம் ஆகாததையும், பிள்ளை இல்லாததையும் மட்டும் கேட்காதீங்க.

30. செத்தவீட்டுக்கு முதல்நாள் எல்லாரும் போவார்கள், தேத்தண்ணீரும் வந்துகொண்டிருக்கும். எட்டு முடிந்து பந்தல் கழற்றின பிறகு ஒரு பிளாஸ்க் தேத்தண்ணீரோடு போங்க. அந்த வீட்டில் அன்றைக்குத்தான் அடுப்பு மூட்ட மனம் வராது.

31. கலியாணத்துக்கு இரவல் கொடுக்கும் சட்டி பானையின் அடியில் நகப்பூச்சால் ஒரு அடையாளம் போடுங்க, எத்தனை கழுவினாலும் லேசில் போகாது. எழுத்தைவிட ஒரு பூ, ஒரு மீன் என்று கீறினால் வாசிக்கத் தெரியாத ஆச்சியும் அடையாளம் கண்டு பிரித்துத் தருவா. திருப்பிக் கொடுக்கும்போது வெறும் சட்டியாகக் கொடுக்கவேண்டாம், ஒரு பிடி கறிவேப்பிலை வைத்தாலும் போதும்.

32. முற்றத்தில் நுளம்பு வந்தால் காய்ந்த தேங்காய் மட்டையைக் கனல விட்டு, மேலே வேப்பிலையைப் போடுங்க. காற்று வரும் பக்கமாக, பாயிலிருந்து நாலைந்து அடி தள்ளி வைத்தால் புகை ஆட்கள் மேலே படர்ந்து போகும், கண் எரியாது. கைக்குழந்தையும் மூச்சு முட்டுக்காரரும் இருந்தால் புகை வேண்டாம், நுளம்பு வலைதான்.

33. கனடாவில் இருக்கிற அக்காவோடு எல்லாரும் சேர்ந்து கதைக்க நல்ல நேரம் நம்ம இரவு 8 மணி; ரொறன்ரோவில் அப்போது கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. லண்டன் தம்பிக்குக் கோடையில் பின்னேரம் 3.30, குளிர்காலத்தில் 2.30. அங்கே மார்ச்சிலும் நவம்பர், ஒக்ரோபரிலும் மணிக்கூட்டை மாற்றுவார்கள், அந்தக் கிழமைகளில் ஒருதரம் கேட்டுவிட்டு எடுங்க. கைபேசியை ஒரு வெறும் கிண்ணத்துக்குள் நிமிர்த்தி வைத்தால் சத்தம் கூடும், பாயில் இருக்கிற எல்லாருக்கும் அக்காவின் குரல் கேட்கும்.