களைப்பு என்னும் காவலன்

நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டத்தைக் கண்ட அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். "இனி ஓரடியும் வைக்க இயலாது" என்று முகம் வாடியவர், கடைசிச் சுற்றின் மணி ஒலித்ததும் பாய்ந்து ஓடுகிறார். தசைகள் உண்மையிலேயே ஓய்ந்திருந்தால் அந்த வலிமை எங்கிருந்து வந்தது?

இதற்கு நான் ஒரு விடை வைத்திருந்தேன்: களைப்பு மனம் சொல்லும் பொய். அந்த விடை என் நண்பரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் உடலைக் காண்போம்.

தசை சுருங்குவதற்கு ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருள் வேண்டும். தசையில் அது சில நொடிகளுக்குப் போதுமான அளவே உண்டு. ஓடும்போதே அதனை மீண்டும் மீண்டும் ஆக்கிக்கொள்ள வேண்டும். ஒரு குளூக்கோஸ் மூலக்கூறு பிராணவாயுவின் துணையின்றிச் சிதைந்தால் 2 ஏ.டி.பி. கிடைக்கும், பிராணவாயுவுடன் முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 30 கிடைக்கும். வேகம் மிகும்போது முதல் வழியும் மும்முரமாக நடைபெறுகிறது. லாக்டிக் அமிலம் பெருகுகிறது.

தசையின் வேலையை ஆராய்ந்த ஆங்கிலேயர் ஏ. வி. ஹில்லும், ஜெர்மானியர் ஓட்டோ மேயர்ஹாஃபும் 1922-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நெடுங்காலம் இந்த அமிலமே களைப்பின் நஞ்சு எனக் கருதப்பட்டது. இன்று அந்தக் கருத்து மாறிவிட்டது. தசையினின்று வெளிவரும் லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகக் கொள்கின்றன. ஓட்டம் நின்ற ஒரு மணி நேர அளவில் இரத்தத்தில் அது பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மறுநாள் படியிறங்கும்போது தொடை வலிப்பது அமிலத்தால் அன்று. பழகாத உழைப்பால் தசையிழைகளில் நேர்ந்த நுண்ணிய சேதத்தால்தான்.

இனி மூளைக்கு வருவோம். இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோஸ்ஸோ, விரலால் எடையை இழுக்கச் செய்து களைப்பை அளக்கும் கருவியொன்றை அமைத்தார். மாணவர்க்குத் தேர்வு நடத்தி முடித்த பேராசிரியரின் விரல், முன்னிலும் விரைவில் ஓய்வதைக் கண்டார். 1891-இல் களைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 90 நிமிடம் மூளைக்கு வேலை கொடுத்தபின் சைக்கிள் மிதித்தவர்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே நிறுத்திவிட்டனர். இதயமும் நுரையீரலும் குறையின்றி வேலை செய்தும், உழைப்பு அவர்களுக்குக் கடினமாகத் தோன்றியது. 2004-இல் வந்த மற்றோர் ஆய்வோ இன்னும் வியப்பானது. மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்து, விழுங்காமல் துப்பியவர்கள் ஒரு மணி நேரச் சைக்கிள் சோதனையை ஏறத்தாழ 3 விழுக்காடு விரைவாக முடித்தனர். வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. நாக்கு மூளைக்குச் செய்தி சொன்னது, அவ்வளவே!

ஆகவே களைப்பில் மூளைக்குப் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. உடலுக்குக் கேடு வருமுன் வேகத்தைக் குறைக்கும் காவலன் அது என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். இதுவரை படித்துவிட்டுத்தான் நான் தவறு செய்தேன்.

மழை விட்டிருந்த ஒரு ஜூலை மாலை. நல்ல புழுக்கம். என் அறைத்தோழர் ஆய்வுக்கூட அறிக்கைக்காக மூன்று இரவுகள் சரியாக உறங்காதவர். ஓடும்போது, "தலை சுற்றுகிறது" என்றார். "அது மனத்தின் பொய், நிற்காதே!" என்று பக்கத்தில் ஓடியபடியே கத்தினேன். அவர் என்னை நம்பினார். சிறிது தொலைவில் விழுந்தார். உடல் அனலாய்க் கொதித்தது, பேச்சு குழறியது. அறிவியல் படித்த நாங்கள் திகைத்து நிற்க, மைதானத்துத் தோட்டக்காரர்தான் குழாயை இழுத்து வந்து நீரைப் பாய்ச்சினார். மருத்துவமனையில் சில நாள் இருந்து நண்பர் பிழைத்தார். என்னிடம், "முன்னமே சொன்னேனே" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

உழைக்கும் தசை செலவிடும் ஆற்றலில் கால் பங்கு அளவே வேலையாகிறது; எஞ்சியது வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். காற்றில் ஈரம் மிகுந்தாலோ, வியர்வை வழியுமேயன்றி எளிதில் ஆவியாகாது. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி அறிவு தடுமாறினால் உயிருக்கே ஆபத்து. உடனே உடலைக் குளிர்விப்பதும் மருத்துவரை அழைப்பதுமே செய்யத்தக்கவை.

காவலனைப் பகைக்க வேண்டா; பழக்கிக்கொள்ளலாம். பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் மிகும். தசையில் நுண்குழாய்கள் பெருகும். அதே வேகம் எளிதாகும். வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். உறக்கமும் பயிற்சியின் ஒரு பகுதியே. மூச்சு வாங்குவதும் கால் கனப்பதும் பயிற்சியில் இயல்பு. அவற்றோடு சிறிது வாதாடலாம். தலைசுற்றல், குளிர் நடுக்கம், நெஞ்சுவலி, மனக்குழப்பம் ஆகியவற்றோடு வாதாடலாகாது, நின்றுவிட வேண்டும்.

வரும் பொங்கல் விழாவில் நண்பரும் நானும் ஓடுகிறோம். ஓரத்தில் நின்று உற்சாகமூட்டும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "ஓடு, ஓடு" என்று தாராளமாகக் கூவுங்கள். ஆனால் ஓடுபவர் வாய் திறந்து ஏதேனும் சொன்னால், கூவுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள்.