அங்கே முன்பு யார் இருந்தார்கள்?

அன்புள்ள கயல்,

உன் மின்னஞ்சலும் லைசென்ஸ் அட்டையின் படமும் கிடைத்தன. நியூயார்க்கில் ஊர் சுற்றிக் காட்டுவதற்குக்கூடப் பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும் என்பது உன் அப்பாவுக்குப் புதுச் செய்தி. சரித்திரத்தில் எம்.ஏ. படிக்கப் போன பெண் சனி, ஞாயிறுகளில் தெருவில் நின்று தொண்டை கட்டப் பேச வேண்டுமா என்று வருத்தப்படுகிறான். எனக்கு அந்த வருத்தம் இல்லை. நூலகத்தில் படித்ததை முன்பின் தெரியாதவர்களுக்கு நின்ற இடத்திலேயே விளங்கும்படி சொல்வது பெரிய படிப்பு. அதை நீ சரியாகச் செய்ய வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாலத்தில் யானை நடந்த கதையைச் சொன்னால் எல்லோரும் காது கொடுக்கிறார்கள், அடிமைகளின் இடுகாட்டைப் பற்றிச் சொன்னால் போனைப் பார்க்கிறார்கள், அதனால் இனி யானைக் கதைகளாகவே சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய்.

யானையை விடாதே. அது நடந்த கதைதான். ஆனால் யானையோடு நிறுத்திவிடாதே. 1884 மே மாதம் பார்னம் தன் சர்க்கஸ் யானைகள் இருபத்தொன்றைப் புரூக்ளின் பாலத்தின் மேல் நடத்திக்கொண்டு போனார். எதற்கு? அதற்கு முந்தைய ஆண்டு மே 24 அன்று பாலம் திறந்தது. ஆறே நாளில், மே 30 அன்று, படிக்கட்டு நெரிசலில் ஒரு பெண் தடுமாறி விழுந்தாள். யாரோ அலறினார்கள். பாலம் இடிகிறது என்று வதந்தி கிளம்பி, கூட்டம் முண்டியடித்ததில் 12 பேர் மிதிபட்டுச் செத்தார்கள். அந்தப் பயம் ஊரின் நெஞ்சில் இருந்தது. யானைகள் பத்திரமாகக் கரையேறியதைப் பார்த்தபோது ஜனங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உன் கூட்டத்திடமே கேள். சிரித்த முகத்தோடு அவர்களே அந்தப் பன்னிரண்டு பேரிடம் வந்து சேருவார்கள்.

அங்கிருந்து இன்னும் பின்னால் போகலாம். பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங் 1869இல் படகுத்துறையில் கால் நசுங்கி, ரணஜன்னி கண்டு இறந்தார். ஒரு கல்கூட அப்போது வைத்திருக்கவில்லை. மகன் வாஷிங்டன் ரோப்ளிங் பொறுப்பேற்றார். பிரம்மாண்டமான மரப்பெட்டிகளைக் கவிழ்த்து ஆற்றடியில் இறக்கி, உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்தி, அதற்குள் ஆட்கள் நின்று மண்ணை வெட்டினார்கள். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தவர்களுக்கு மூட்டுகள் முறுக்கிக்கொண்டன. சிலர் இறந்தார்கள். காரணம் அன்றைக்கு யாருக்கும் சரியாகப் புரியவில்லை. ரோப்ளிங்கும் அதே நோயில் விழுந்து, புரூக்ளின் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியே பாலம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவி எமிலி கணக்கும் கம்பிவடக் கட்டுமானமும் தானே கற்று, கணவனின் உத்தரவுகளைப் பொறியாளர்களிடம் கொண்டுபோய், அவர்கள் கேள்விக்குப் பதிலும் சொல்லி, வருஷக்கணக்கில் வேலையை நடத்தினாள். பாலம் முடிந்தபோது முதலில் வண்டியில் கடந்தவளும் அவள்தான், மடியில் வெற்றிக்கு அடையாளமாக ஒரு சேவலோடு.

கம்பிக் கதையையும் சொல். ஹெய்க் என்ற ஒப்பந்தக்காரர் நல்ல கம்பியைப் பரிசோதனைக்குக் காட்டிவிட்டு, வழியில் மட்டக் கம்பியை மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். 1878இல் அது வெளிவந்தபோது நிறையக் கம்பி ஏற்கெனவே வடத்தில் ஏறிவிட்டது. பிரிக்க வழியில்லை. ரோப்ளிங் தொடக்கத்திலேயே தேவைக்கு ஆறு மடங்கு பலம் வைத்து வடிவமைத்திருந்தார். ஒவ்வொரு வடத்துக்கும் சுமார் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லி, அந்தச் செலவையும் ஹெய்க்கின் தலையில் கட்டினார். அந்த மட்டக் கம்பி இன்றும் பாலத்துக்குள்ளே இருக்கிறது. ஒரு மனிதனின் முன்யோசனை இன்னொருவனின் களவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது கயல். இதை அந்த வடத்தின் அருகிலேயே நிறுத்திவைத்துச் சொல். யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். எந்த இடத்தில் நின்றாலும் இரண்டு கேள்விகளை உனக்குள் கேட்டுக்கொள்: இதைக் கட்டியவர்களில் பெயர் வராதவர் யார்? இது வருமுன் இங்கே யார் இருந்தார்கள்? துணுக்கு அந்தக் கேள்விகளுக்குக் கொண்டுபோனால் அதைச் சொல். கொண்டுபோகாவிட்டால் நேரமிருந்தால் சொல்.

இரண்டாவது கேள்விக்கு சென்ட்ரல் பார்க்கைவிடச் சரியான இடம் இல்லை. அந்தப் பூங்காவின் ஏரியும் மேடும் தோப்பும் ஏறக்குறைய முழுக்க மனிதக் கைவேலை என்று எல்லா கைடும் சொல்கிறார்கள். நீ மேற்குப் பக்கம், 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் நடுவில் கூட்டிக்கொண்டு போ. அங்கேதான் செனெக்கா கிராமம் இருந்தது. 1825இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர், ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர், 125 டாலர் கொடுத்து அங்கே மூன்று மனைகள் வாங்கினார். ஒரு தேவாலயமும் மனைகள் வாங்கியது. வீடு, தோட்டம், பள்ளிக்கூடம், மூன்று தேவாலயங்கள் என்று கிராமம் வளர்ந்தது. பின்னால் அயர்லாந்துக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். 1855 கணக்கெடுப்பின்போது ஏறக்குறைய 225 பேர்.

அந்த மனைகளின் அருமையை விளக்காமல் நகராதே. நியூயார்க் மாநிலத்தில் அன்று ஒரு கறுப்பின ஆண் வாக்களிக்க வேண்டுமானால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து வைத்திருக்க வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆக, ஒரு துண்டு நிலம் அவர்களுக்குக் குடியிருப்பு மட்டுமல்ல, ஓட்டுரிமையும் அதுதான். 1853இல் பூங்காவுக்கென்று நிலத்தைக் கையகப்படுத்தச் சட்டம் வந்தது. பத்திரிகைகள் பட்டா நிலத்தில் குடியிருந்தவர்களைக் குடிசைபோட்ட ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதின. 1857க்குள் கிராமம் காலி. இழப்பீடு கிடைத்தது, ஆனால் பலரும் அது போதாதென்று முறையிட்டார்கள். பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் அந்தப் பெயரே நினைவில்லை. 2001இல்தான் ஒரு பலகை வைத்தார்கள். அதற்கு முன் அங்கே நடந்தவர்களுக்கு, என்னையும் சேர்த்து, அது வெறும் புல்வெளி. 2011இல் அகழ்ந்தபோது ஒரு வீட்டின் அடித்தளமும் இரும்புக் கெண்டியும் ஒரு சின்ன ஷூவும் கிடைத்தன.

இதே போல லிங்கன் சென்டர் இருக்கும் இடம் சான் ஹுவான் ஹில் என்ற குடியிருப்பு. கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் நிறைந்த பகுதி. 1950களின் கடைசியில் அதை இடித்துத்தான் அரங்குகள் எழுந்தன. அங்கே கச்சேரி கேட்க வருகிறவர்களுக்கு அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிக்காதே.

இப்போது ஒரு எச்சரிக்கை. சுவையான துணுக்குகளில் பாதி பொய். வாஷிங்டன் சதுக்கத்துப் பெரிய எல்ம் மரத்தில் குற்றவாளிகளைத் தூக்கிலிட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த மரத்தில் யாரையும் தொங்கவிட்டதற்குப் பதிவு இல்லை. உண்மை அதைவிடக் கனமானது: அந்தச் சதுக்கம் 1825 வரை ஏழைகளின் இடுகாடு. இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தப் புல்லுக்கு அடியில் இன்னும் கிடக்கிறார்கள். மன்ஹாட்டன் தீவை 24 டாலருக்கு வாங்கினார்கள் என்பதும் அப்படித்தான். 1626இல் எழுதிய ஒரு டச்சுக் கடிதத்தில் 60 கில்டர் மதிப்புக்கு வாங்கியதாக ஒரு வரி வருகிறது. பத்திரம் எதுவும் இல்லை. 24 டாலர் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் போட்ட நாணயக் கணக்கு. லெனாப்பே மக்கள் அதை விற்பனையாக நினைத்தார்களா, சேர்ந்து புழங்கச் சம்மதமாக நினைத்தார்களா என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி. மலிவாக ஏமாந்தார்கள் என்று சிரிக்கவைத்தால், நீ அவர்களை இரண்டாம் முறை ஏமாற்றுகிறாய். ஒரு செய்தியை வாயால் சொல்லுமுன், எழுத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார். கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடு.

மாடிசன் ஸ்குவேர் கார்டனுக்கு எதிரில் நிற்கும்போது குத்துச்சண்டையும் கூடைப்பந்தும் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் 1971இல் பங்களாதேஷுக்காக நடத்திய கச்சேரியும் பேச்சில் வரும். வரட்டும். ஆனால் கார்டன் என்ற பெயரில் இது நாலாவது கட்டடம். இரண்டாவதைக் கட்டியவர் ஸ்டான்போர்ட் வைட். அதே கட்டடத்தின் மாடித் தோட்டத்தில் 1906இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய நிறுவனம்தான் 1910இல் திறந்த பென் ஸ்டேஷனை வடிவமைத்தது. ரோமானிய மண்டபம் போன்ற அந்த ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கி, தண்டவாளங்களைப் பூமிக்கடியில் அப்படியே விட்டு, மேலே இப்போதைய கார்டனை 1968இல் எழுப்பினார்கள். தூண்களின் உடைசலை நியூஜெர்சிச் சதுப்பில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்த இழப்பின் கோபம்தான் 1965இல் பழைய கட்டடங்களைக் காக்கும் நகரச் சட்டமாயிற்று. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட முயன்றபோது அதே சட்டம் குறுக்கே நின்றது. 1978இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நீ கூட்டத்துக்குக் காட்டும் பழைய கட்டடங்களில் பல, பென் ஸ்டேஷன் செத்ததால் பிழைத்தவை.

இந்தக் கேள்விகள் நியூயார்க்குக்கு மட்டும் சொந்தமில்லை. கோடையில் கலிபோர்னியா போகப் போவதாகச் சொன்னாயே. கோல்டன் கேட் பாலத்தின் கணக்குகளில் பெரும்பகுதியைப் போட்டவர் சார்லஸ் எல்லிஸ். பணி முடியுமுன் அவரை விலக்கிவிட்டார்கள். 1937இல் பாலம் திறந்தபோது அவர் பெயர் எங்குமில்லை. 2012இல்தான் பலகையில் ஏறியது. லாஸ் ஏஞ்சலிஸில் டாட்ஜர் மைதானம் இருக்கும் சாவேஸ் ரவீனில் மெக்சிகோ வம்சாவளியினரின் மூன்று குடியிருப்புகள் இருந்தன. பொது வீட்டுத்திட்டம் என்று சொல்லி நிலத்தை எடுத்தார்கள். வீடு வரவில்லை, 1962இல் பேஸ்பால் வந்தது.

நம் ஊர்க்காரர்கள் உன்னைக் கூட்டிப்போகச் சொன்னால் முதலில் கேட்பது ஐ.நா. சபையாகத்தான் இருக்கும். 1966 அக்டோபர் 23 அன்று எம்.எஸ். சுப்புலட்சுமி அங்கே பாடினார். காஞ்சிப் பெரியவர் அதற்கென்றே எழுதிக் கொடுத்த சம்ஸ்கிருதப் பாடலையும், ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாடலையும் பாடினார். அதைச் சொல்லும்போது உன் குரலில் பெருமை வரட்டும், தப்பில்லை. கூடவே அந்த நிலத்தின் கதையையும் சொல். அந்த ஆற்றங்கரை முழுக்க ஆடுதொட்டியும் மாடறுக்கும் கொட்டிலுமாக இருந்தது. எதிரே 1920களில் கட்டிய டியூடர் சிட்டி அடுக்குமாடிகளை நிமிர்ந்து பார்க்கச் சொல். ஆற்றைப் பார்த்த பக்கத்தில் ஜன்னல்கள் மிகக் குறைவு. நாற்றத்துக்குப் பயந்து அப்படிக் கட்டினார்கள். 1946 டிசம்பரில் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் 85 லட்சம் டாலர் கொடுத்து அந்த நிலத்தை ஐ.நா.வுக்கு வாங்கித் தந்தார்.

கடைசியாக அடிமைகளின் இடுகாடு. அங்கேதான் போனைப் பார்க்கிறார்கள் என்றாய். நீ எண்ணிக்கையிலிருந்து தொடங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். பதினைந்தாயிரம் பேர் என்று தொடங்கினால் மனம் மூடிக்கொள்ளும். 1991இல் பிராட்வேயில் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது எலும்புகள் வந்தன, வேலை நிற்கவில்லை, ஊர் திரண்டு நிறுத்தியது என்று தொடங்கு. 419 பேரின் எலும்புகளை எடுத்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். 2003இல், கானாவில் கையால் செதுக்கிய பெட்டிகளில் வைத்து, அதே மண்ணில் திரும்ப அடக்கம் செய்தார்கள். வால் ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் தந்த மதிலை 1653இல் எழுப்பியதில் அடிமைகளின் உழைப்பு உண்டு என்பதை அதற்கு முன்பே, மதில் இருந்த தெருவில் நடக்கும்போதே சொல்லிவிடு. அப்படியானால் அங்கிருந்து இங்கே நடந்து வருகிறவர்களுக்கு இது அந்நியர் கல்லறையாக இராது. பாலத்தைக் கடைசியில் வை. வால் ஸ்ட்ரீட், இடுகாடு, பாலம் என்ற வரிசையில் நடந்து பார்.

அடுத்த மாதம் உன் அத்தை அங்கே வருகிறாள். முழங்கால் வலி இருக்கிறது, பாலத்தில் முதல் கோபுரம் வரை மட்டும் கூட்டிப்போ. ஐ.நா.வுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடு, இல்லாவிட்டால் வாசலில் நிற்க வேண்டிவரும். புது வரிசை எப்படி இருந்தது, எந்த இடத்தில் கூட்டம் கேள்வி கேட்டது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா