திடீரென நின்றுவிடும் மின்துளைப்பான்

பள்ளித் தொழிற்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்துளைப்பான் திடீரென நின்றுவிட்டால், மோட்டார் எரிந்துவிட்டதென முடிவுகட்டி அதனை ஒதுக்கிவிடுவோர் பலர். எரியும் சுருள் பெரும்பாலும் நெடியாலும் புகையாலும் தன்னை அறிவித்துவிடும். இவையின்றி நின்ற கருவியில் மின்பாதை எங்கோ அறுந்துள்ளது எனக் கொள்ளுதலே தகும்.

முதலில் அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கைப் பொருத்திப் பார்க்கவேண்டும். விளக்கு எரிந்தால் குறை கருவியினுடையதே. இனிப் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே கருவியைத் தொடலாம். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

கம்பிவடம் கைப்பிடிக்குள் நுழையுமிடத்தில் ஓயாது வளைவதால், மேலுறை பழுதின்றி இருக்கையிலேயே உள்ளிருக்கும் செம்பிழைகள் ஒவ்வொன்றாய் அறுகின்றன. கைப்பிடியைத் திறந்து, வடத்தின் இரு முனைகளுக்கிடையே மீட்டரை இணைத்து, வடத்தை வளைத்தவாறே மின்தொடர்ச்சியைச் சோதிக்க. உலோக உடலுடைய கருவியாயின் தரைக்கம்பியையும் மறவாது சோதிக்கவேண்டும். அது அறுந்தாலும் கருவி வழக்கம்போல் ஓடும். ஆதலின் உடலில் மின்கசிவு நேரும் நாள்வரை எவரும் அதனை அறியார். மாணவர் கையிலுள்ள கருவிக்கு இதனினும் பெரிய கேடில்லை. சதுரத்தினுள் சதுரம் பொறித்த இரட்டைக் காப்புக் கருவிகளில் தரைக்கம்பி இராது.

வடம் நலமாயின், திசைமாற்றியின்மேல் உராயும் கார்பன் பிரஷ்களை நோக்குக. தேய்ந்தவை முதலில் மிகுதியாய்ப் பொறி சிந்தும். சிலவகைப் பிரஷ்களில், குறித்த அளவு தேய்ந்ததும் உள்ளிருக்கும் காப்புமுளை வெளிப்பட்டு, பிரஷ்ஷைத் திசைமாற்றியினின்று விலக்கி ஓட்டத்தை அறவே நிறுத்திவிடும். இது பழுதன்று, பாதுகாப்பு ஏற்பாடு. பிரஷ்களை இணையாகவே மாற்றவேண்டும்.

மீண்டும் பிளக்கைச் செருகுமுன், கருவியின் சுவிட்சு ஓடும் நிலையில் பூட்டப்பட்டிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்க.